புகை பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது: மெஸ்கால் சவர், வாசகர் கேள்விகள்

மது, புளிப்பு, இனிப்பு மூன்றையும் ஐஸோடு குலுக்கி எடுப்பதுதான் சவர் வகை காக்டெயில்கள். போன இதழில், மெக்சிகோவில் அகாவே என்ற கற்றாழை போன்ற செடியிலிருந்து வடிக்கும் புகைமணமுள்ள மதுவான மெஸ்காலில் செய்யும் சவர் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: காக்டெயிலுக்குள் புகையை ஊதிவிடும் ஸ்மோக் கன் என்று ஒரு கருவி விற்கிறார்களே, வீட்டில் மெஸ்கால் சவர் செய்ய அதை வாங்கித்தான் ஆகவேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். புகை பாட்டிலுக்குள்ளேயே இருக்கிறது, அதுவும் ஆட்கள் நாள்கணக்கில் நெருப்போடும் மண்ணோடும் பாடுபட்டு ஏற்றிய புகை. மெக்சிகோவில், அதிலும் முக்கியமாக வஹாக்கா மாநிலத்தில், அகாவே செடியின் இலைகளை எல்லாம் சீவிவிட்டு நடுவில் இருக்கும் கனத்த தண்டை (பீன்யா என்பார்கள்) எடுத்துக்கொள்கிறார்கள். தரையில் கூம்பு வடிவில் குழி தோண்டி, விறகு எரித்து, மேலே கற்களைப் போட்டு, கல் பழுக்கக் காய்ந்ததும் பீன்யாக்களை அடுக்கி, நார்ச்சக்கை, பாய் எல்லாம் பரப்பி மண்ணால் மூடிவிடுவார்கள். மூன்றிலிருந்து ஐந்து நாள் வரை அது உள்ளேயே வேகும். செடியில் இருக்கும் ஃப்ரக்டன்கள் (சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த சங்கிலிகள்) அந்தச் சூட்டில் உடைந்து சர்க்கரையாகின்றன, கூடவே விறகுப்புகையும் ஊறி இறங்குகிறது. அப்புறம் நசுக்கி, மரத்தொட்டியில் புளிக்கவைத்து, பெரும்பாலும் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். அத்தனைக்குப் பிறகும் அந்தப் புகை போவதில்லை. டெக்கீலாவும் அகாவேயில் செய்வதுதான், ஆனால் நீல அகாவே என்ற ஒரே வகை. அதைப் பெரும்பாலும் நீராவியில் வேகவைப்பதால் புகைமணம் கிடையாது.

இதன்மேல் நீங்கள் இன்னொரு புகையை ஊதினால் மூக்குக்கு அந்தப் புதுப்புகை மட்டும்தான் எட்டும். வெந்த அகாவேயின் இனிப்பு, ஈரமண் வாசனை, ஓரத்தில் வருகிற பழவாசனை எல்லாம் அமுங்கிப்போகும். டெக்கீலாவில் லிக்விட் ஸ்மோக் என்ற புகைமணத் திரவம் இரண்டு சொட்டு விட்டால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். போதாது, ஒரு சொட்டு கூடினாலே கிளாஸ் முழுக்க அடுப்புக்கரி வாடைதான். மெஸ்கால் கிடைக்கவில்லை என்றால் ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கும் புகைமணமுள்ள விஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பீட் என்ற, சதுப்பு நிலத்தில் பாதி மட்கிய தாவரக் கட்டியை எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியை உலர்த்தும் வழக்கம் உண்டு. வேறு பானம்தான், ஆனால் அதன் புகை அதனுடையது.

கேள்வி: சரியான அளவு சொல்லுங்கள். என்னிடம் ஷேக்கரும் இல்லை, அளக்கும் கப்பும் இல்லை.

பதில்: டேபிள்ஸ்பூன் இருக்கிறதல்லவா, அது 15 மில்லி, அதுவே போதும். மெஸ்கால் நான்கு ஸ்பூன், எலுமிச்சைச் சாறு இரண்டு ஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக, சர்க்கரைப் பாகு ஒன்றரை ஸ்பூன், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு. மில்லியில் சொன்னால் 60, 25, 22, வெள்ளைக்கரு 30 வரை. பாகு என்றால் கம்பிப் பதமெல்லாம் இல்லை, சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துக் கரைத்தால் முடிந்தது. அகாவே சிரப் வைத்திருப்பவர்கள் அதையே ஊற்றலாம், மெஸ்காலுக்கு அது இயல்பாகவே பொருந்தும். ஆனால் அது சர்க்கரையைவிட இனிப்பு அதிகம், கெட்டியும்கூட. அதனால் சம அளவு தண்ணீரில் கரைத்துவைத்துக்கொண்டு, 15 மில்லி ஊற்றி ருசி பார்த்து, தேவைப்பட்டால் கூட்டுங்கள்.

சாற்றை அன்றன்றைக்குப் பிழியுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பாட்டில் சாற்றில் ஒரு வேகவைத்த கசப்பு இருக்கும், மெஸ்காலின் புகையோடு சேரும்போது அது இரண்டு மடங்காகத் தெரியும்.

ஷேக்கருக்குப் பதில் இறுக்கமான மூடி போட்ட பெரிய கண்ணாடி ஜாடி போதும். முதலில் ஐஸ் போடாமல் 15 விநாடி நன்றாகக் குலுக்குங்கள். குலுக்கும்போது வெள்ளைக்கருவின் புரதம் விரிந்து காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும், நுரை எழும்பும்; முதலிலேயே ஐஸ் போட்டால் அந்த நுரை அவ்வளவாக வராது. இந்தச் சமயம் மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் ஐஸ் இருந்தால் உள்ளே குளிர்ந்து மூடியை இறுக்கிப் பிடிக்கும், ஐஸ் இல்லாதபோது அந்தப் பிடிப்பு இருக்காது, மூடி தெறிக்கும். பிறகு ஃப்ரீசரிலிருந்து அப்போதுதான் எடுத்த பெரிய ஐஸ் கட்டிகளைப் போட்டு, ஜாடி கையில் பிடிக்கமுடியாதபடி சில்லிடும் வரை, இன்னொரு 15 விநாடி போல. வெளியில் கிடந்து ஈரமான ஐஸ் வேண்டாம், குளிர்வதற்குள் தண்ணீரை விட்டுவிடும். ஆனால் தண்ணீரே சேரக்கூடாது என்றும் நினைக்காதீர்கள். குலுக்கும்போது உருகிச் சேரும் தண்ணீர் இந்தப் பானத்தின் ஒரு பாகம்தான், அது இல்லாவிட்டால் காரமும் புளிப்பும் நாக்கைக் குத்தும். வடிகட்டி, முன்பே ஃப்ரீசரில் வைத்துக் குளிர்வித்த கிளாஸில் ஊற்றுங்கள். குலுக்குவதற்கு முன் ஒரே ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பாருங்கள், கசப்பு அடங்கி அகாவேயின் இனிப்பு மேலே வரும்.

கேள்வி: பச்சை முட்டையா? பயமாக இருக்கிறது. தவிர, வீட்டில் சிலர் முட்டையே தொடமாட்டார்கள்.

பதில்: பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, மதுவும் எலுமிச்சையும் அதை உடனே கொன்றுவிடும் என்று சொல்வதை நம்பாதீர்கள். பாஸ்டரைஸ் செய்த முட்டையோ பாக்கெட்டில் வரும் வெள்ளைக்கருவோ கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். வயதானவர்களும் நோய் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களும் பச்சை முட்டையைத் தவிர்ப்பதே சரி.

முட்டை வேண்டாதவர்களுக்குக் கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீர் இருக்கிறது. உப்பு போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைச் சற்றுக் கெட்டியாகும் வரை சுண்டவைத்து, ஆறியதும் இரண்டு ஸ்பூன் எடுத்து வெள்ளைக்கரு இடத்தில் ஊற்றுங்கள். நுரை நன்றாகவே நிற்கும். முட்டைக் கவுச்சியும் இல்லை. முட்டை போட்டவர்கள் அந்த வாடைக்கு நுரையின்மேல் அங்கோஸ்துரா பிட்டர்ஸ் (மசாலா மணமுள்ள கசப்பான மதுச்சாறு) இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்பதைவிட, கிளாஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்குக்கு முதலில் கிராம்பு, பட்டை போன்ற மணம் வருகிறது என்பதற்காகத்தான் அது. முட்டையும் கடலைத் தண்ணீரும் இல்லாமல் வெறுமனே குலுக்கினாலும் அது சவர்தான்.

கேள்வி: மெஸ்கால் லேபிளில் ஏகப்பட்ட ஸ்பானியச் சொற்கள். எதைப் பார்த்து வாங்குவது? புழு போட்ட பாட்டில்தான் அசல் என்கிறார்கள், உண்மையா?

பதில்: புழு ஒரு தர அடையாளமே இல்லை, அதை நினைத்துப் பணம் கொடுக்காதீர்கள். லேபிளில் எஸ்பாடின் என்று இருக்கிறதா பாருங்கள். அதிகம் பயிரிடப்படும் அகாவே அதுதான், முதிர ஆறிலிருந்து எட்டு ஆண்டு ஆகும், விலையும் மற்றவற்றைவிட எட்டக்கூடியது. ஹோவன் என்றால் பீப்பாயில் ஊறவைக்காதது, சவருக்கு அதுதான் சரி. ரெப்போசாதோ, அன்யெஹோ எல்லாம் மரப்பீப்பாயில் இருந்தவை, மரத்தின் வாசனை எலுமிச்சையோடு சண்டை போடும். அர்த்தெசனால் என்ற சொல் இருந்தால் பழைய முறைக்கு நெருக்கமாகச் செய்தது என்று பொருள், அன்செஸ்த்ரால் என்றால் இன்னும் கட்டுப்பாடு, மண்பானையில்தான் வடிக்கவேண்டும். மெஸ்கால் 35 முதல் 55 சதவீத ஆல்கஹால் வரை இருக்கலாம் என்பது மெக்சிகோவின் விதி. சவருக்கு 42க்கு மேல் இருப்பது நல்லது, அதற்குக் கீழே போனால் மெஸ்காலின் ருசி ஐஸ் உருகிய தண்ணீரில் கரைந்துபோய்விடும்.

சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். பெச்சுகா என்று எழுதியிருந்தால், வடிக்கும்போது பானைக்குள் பழங்களோடு கோழி நெஞ்சுக்கறியோ வேறு இறைச்சியோ தொங்கவிட்டு அந்த ஆவியில் வடித்தது என்று பொருள்.

தொபாலா, தெபெஸ்தாத்தே போன்ற காட்டு அகாவே பாட்டில் யாராவது பரிசளித்தால் தயவுசெய்து அதில் எலுமிச்சை பிழியாதீர்கள். தொபாலா முதிரப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகூட ஆகும், தெபெஸ்தாத்தே இருபதைத் தாண்டும். அகாவே வாழ்நாளில் ஒரே முறை பூத்துச் சாகிற செடி, அந்தப் பூந்தண்டை வெட்டித்தான் சர்க்கரையைப் பீன்யாவிலேயே தங்கவைக்கிறார்கள். அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்ததைச் சின்னக் கோப்பையில் ஊற்றி, அப்படியே, மெதுவாகக் குடிக்கவேண்டும்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே செய்தேன். எனக்குப் பிடித்தது, என் மனைவிக்கு மருந்து மாதிரி இருக்கிறதாம். என்ன செய்யலாம்?

பதில்: முதல் தடவை குடிக்கும் பலருக்கு அப்படித்தான் இருக்கும், அவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். அவருக்கான கிளாஸில் 45 மில்லி டெக்கீலா, 15 மில்லி மெஸ்கால் என்று பிரித்துச் செய்யுங்கள், மற்ற அளவெல்லாம் அதேதான். இந்த விகிதம் நன்றாகச் சோதிக்கப்பட்டது. 2007இல் நியூயார்க்கின் டெத் அண்ட் கம்பெனி பாரில் ஃபில் வார்ட் என்ற பார்டெண்டர் உருவாக்கிய வஹாக்கா ஓல்ட் ஃபேஷன்ட் இதே மூன்றுக்கு ஒன்று கணக்கில்தான் நிற்கிறது. அமெரிக்க பார்களில் மெஸ்கால் பரவியதில் அந்தப் பானத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

பழச்சாறும் உதவும். சர்க்கரைப் பாகில் பாதியைக் குறைத்து இரண்டு ஸ்பூன் அன்னாசிச் சாறு சேர்த்துப் பாருங்கள், புகை அப்படியே இருக்கும், ஆனால் கடுமை போய்விடும். ஆரஞ்சு அந்த அளவுக்கு நிற்காது, புளிப்பு குறைவு.

கேள்வி: சவர் குடிக்க லேசாக இருக்கிறதே, இரண்டு மூன்று குடித்தால் என்ன?

பதில்: லேசாகத் தெரிவதுதான் ஆபத்து. 45 சதவீத மெஸ்கால் 60 மில்லியில் சுமார் 21 கிராம் சுத்த ஆல்கஹால் இருக்கிறது. புளிப்பும் நுரையும் அதை மறைக்கின்றன, அவ்வளவுதான். ஒன்றோடு நிறுத்துங்கள், சாப்பாட்டோடு குடியுங்கள், வண்டி ஓட்டாதீர்கள். முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

கேள்வி: நான் மது தொடுவதில்லை. அந்தப் புகையும் புளிப்பும் மட்டும் எனக்குக் கிடைக்க வழி உண்டா?

பதில்: உண்டு, அதுவும் அருமையாக. சீனாவின் ஃபூஜியான் மாகாணத்தில் வூயி மலைப்பகுதியிலிருந்து வரும் லாப்சாங் சூஷாங் என்ற தேயிலையைப் பைன் விறகுப் புகையில் உலர்த்துகிறார்கள். இரண்டு டீஸ்பூன் தேயிலையை 150 மில்லி வெந்நீரில் ஐந்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். அதில் 75 மில்லி எடுத்து, எலுமிச்சை 20, பாகு 20, கொண்டைக்கடலைத் தண்ணீர் 30, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து மேலே சொன்ன மாதிரியே இரண்டு தடவை குலுக்குங்கள். மதுவின் காரம் இல்லாததால் சப்பென்று இருக்கும், அதற்கு ஒரு மெல்லிய துண்டு இஞ்சியை ஜாடியில் நசுக்கிவிட்டுத் தொடங்குங்கள். பிட்டர்ஸில் ஆல்கஹால் இருப்பதால் அதற்குப் பதில் நுரையின்மேல் ஜாதிக்காயைக் கொஞ்சம் துருவிவிட்டால் போதும்.