ரிஃப்ளெக்ஸாலஜி படிக்க எதில் சேரலாம்: ஆன்லைனா, இரண்டு ஞாயிறு வகுப்பா, ஆறு மாதமா?

நீங்கள் கேட்டது இது: வயது 34, நாகர்கோவிலில் பியூட்டி பார்லர் வேலை, பாத ரிஃப்ளெக்ஸாலஜி, அதாவது பாதத்தில் புள்ளி புள்ளியாக அழுத்திவிடும் முறை, படித்துவிட்டுத் தனியாகச் செய்ய ஆசை. ஆன்லைனில் 3,500 ரூபாய்க்கு ஒரு டிப்ளமோ இருக்கிறது, டவுனில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு 9,000, திருவனந்தபுரத்தில் ஆறு மாதம் 40,000. எதில் சேரலாம்?

நான் கருங்கல் பக்கம். இந்த வேலைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் கோவளத்தில் ஒரு ரிசார்ட், மீதி நாள் வீடுகளுக்குப் போய்ச் செய்கிறேன். உங்கள் பட்டியலில் உள்ள மாதிரியே ஒரு இரண்டு ஞாயிறு வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறேன், அப்புறம் ஆறு மாதமும் படித்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு வகுப்பு நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில். நாற்பது பேர் இருந்தோம். புரொஜெக்டரில் பாதத்தின் படம் போட்டு, கட்டைவிரல் தலை, விரல்களுக்குக் கீழே உள்ள மேடு நெஞ்சும் நுரையீரலும், நடுவில் குழிந்த இடம் வயிறும் குடலும், குதிகால் இடுப்பு, உள்பக்க ஓரம் முழுக்க முதுகெலும்பு, கல்லீரல் வலது காலில், இதயம் இடது காலில் என்று ஒருவர் குச்சியால் காட்டிக்கொண்டே போனார், நாங்கள் எழுதிக்கொண்டே இருந்தோம். அந்த இரண்டு நாளில் நான் பிடித்தது ஒரே ஒரு ஆளின் காலை, பக்கத்து நாற்காலியில் இருந்த அக்காவுடையது, அதுவும் பத்து நிமிடம். இரண்டாவது ஞாயிறு சாயங்காலம் ஆளுக்கொரு சர்டிபிகேட், சால்வை போர்த்தி ஒரு போட்டோ. அதை லேமினேட் செய்து முன்னறையில் மாட்டினேன்.

மூன்றாவது வாரம் பக்கத்துத் தெரு மாமா ஒருவர் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு பார்த்து ஓய்ந்தவர், சர்க்கரை வந்து பதினைந்து வருடம். "காலு மரத்துப் போவுது மக்களே, கொஞ்சம் அமுக்கி விடு" என்றார். நானும் படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு கணையப் புள்ளியைத் தேடி அமுக்க ஆரம்பித்தேன். எண்ணெய்க் கையில் பிசுபிசுப்பு வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால் ரத்தம். குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு செருப்பு ஆணி, தலை மட்டும் வெளியே தெரிகிறது, எத்தனை நாளாக உள்ளே கிடந்ததோ, சுற்றிலும் தோல் வெள்ளையாக ஊறிப் போயிருந்தது. மனிதர் வீட்டிலிருந்து நடந்து வந்தவர், என்னிடம் மரச்சீனி விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. நான் அந்த ஆணி மேலேயே கட்டைவிரலை வைத்து அழுத்தியிருக்கிறேன். ஆட்டோ பிடித்து ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். கால் தப்பியது. மறுநாள் சுவரிலிருந்து சர்டிபிகேட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டேன்.

வகுப்பில் சர்க்கரை நோயாளியின் காலைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கணையப் புள்ளியை அமுக்கினால் சர்க்கரை இறங்கும் என்று மட்டும் சொன்னார்கள்! எங்கள் தாத்தா வர்ம ஆசான், அவர் இருந்திருந்தால் விறகுக்கட்டையை எடுத்திருப்பார். அவரிடம் வருகிறவர்களை முதலில் எங்கே தொடக்கூடாது என்றுதான் பழக்குவார். வர்மத்தில் 108 இடங்களில் 12 படுவர்மம், அடிபட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொல்லும் இடங்கள், அந்தப் பன்னிரண்டும் மனப்பாடம் ஆகாமல் சீடன் யார் மேலும் கை வைக்க முடியாது.

அதனால் நீங்கள் எந்த வகுப்பை விசாரித்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள். ஆசிரியர் பக்கத்தில் நின்று பார்க்க, நான் எத்தனை பேரின் காலைப் பிடிப்பேன்? யார் காலைப் பிடிக்கக்கூடாது என்று எந்த நாளில் சொல்லித்தருவீர்கள்? ஃபீஸையும் சர்டிபிகேட்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்விக்கு என்ன பதில் வர வேண்டும் என்று தெரிந்தால்தானே சரி தப்பு பார்க்க முடியும், அதனால் சொல்கிறேன். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், தொடவே கூடாது, அன்றைக்கே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பாதத்தில் புண், சீழ், சேற்றுப்புண், புதிதாக எலும்பு முறிவு, யூரிக் ஆசிட் ஏறி பெருவிரல் சிவந்திருப்பது, இதெல்லாம் இருந்தால் அன்றைக்கு வேலை இல்லை. புடைத்த நரம்பின் மேல் அழுத்தக்கூடாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் பெரும்பாலான நல்ல ஆசிரியர்கள் வேண்டாம் என்பார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, லேசாக மட்டும். இதில் பாதியாவது சொல்லாமல் "யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம், பக்கவிளைவே கிடையாது" என்று சொல்கிற இடத்திலிருந்து பஸ் ஏறிவிடுங்கள்.

ஆறு மாத வகுப்புக்கு நான் போனது ஆணி சம்பவத்துக்கு ஒரு வருடம் கழித்து. கருங்கல்லிலிருந்து மார்த்தாண்டம், அங்கிருந்து களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம், வாரம் இரண்டு நாள். சொல்லித்தந்த சேச்சி முன்பு பயணிகள் கப்பலில் ஸ்பா வேலை பார்த்தவர். எட்டே பேர் வகுப்பு. முதல் நாள் படமே காட்டவில்லை. எல்லார் நகத்தையும் ஒட்ட வெட்டச் சொன்னார். அப்புறம் ஒரு கடுகை மேசையில் வைத்து மேலே துண்டை மடித்துப் போட்டு, கட்டைவிரலால் தேடிக் கண்டுபிடி என்றார். ஒரு மடிப்பில் எல்லாரும் பிடித்தோம், இரண்டில் ஐந்து பேர், நான்கு மடிப்பில் ஒருவரும் இல்லை. மூன்றாவது மாதம் நான்கு மடிப்பில் எனக்குச் சிக்கியபோது "ஆ, இப்போ விரல் முழிச்சுது மோளே" என்றார். கட்டைவிரலின் முதல் கணுவை மடக்கி நிமிர்த்தி, புழு ஊர்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுவதுதான் இந்த வேலையின் அடிப்படை. முன்னால்தான் போக வேண்டும், பின்னால் இழுக்கக்கூடாது. பார்க்க ஒன்றுமில்லை போலத் தெரியும், உங்கள் கட்டைவிரலின் அடிக்கணு ஒரு மாதம் வலிக்கும். மணிக்கட்டை எப்படி வைப்பது, முதுகை எப்படி வைப்பது என்று பக்கத்தில் நின்று திருத்த ஆள் இல்லாவிட்டால் இரண்டு வருடத்தில் விரல் போய்விடும், தொழிலும் போய்விடும். ஆன்லைன் கோர்ஸைப் பற்றி வேறு என்ன சொல்ல, ஒரு பாதத்தில் 26 எலும்பு, எது எது எங்கே என்று படிக்க அது போதும், கை பழக அது உதவாது.

அந்தச் சேச்சி இன்னொன்றும் செய்ய வைத்தார். வீட்டார், அயல்காரர் என்று ஆள் பிடித்து, ஒவ்வொருவருக்கும் தொடர்ந்து சில முறை செய்து, ஒவ்வொரு முறையும் வந்தபோது எப்படி, போனபோது எப்படி, என்ன மருந்து சாப்பிடுகிறார், எங்கே அழுத்தியபோது முகம் சுளித்தார் என்று நோட்டில் எழுத வேண்டும். இங்கிலாந்தில் நிலை 3 டிப்ளமோ என்று இதற்கு ஒன்று உண்டு, அங்கேயும் இந்தக் கேஸ் குறிப்பு இல்லாமல் பாஸ் கிடையாது. என் மைனிதான் என் முதல் கேஸ். "தூக்கம் வருது, வேற ஒண்ணும் தெரியல" என்று ஆறு முறையும் ஒரே பதில், அதையும் அப்படியே எழுதச் சொன்னார்.

தூக்கம் என்றதும் ஒன்று சொல்லிவிட வேண்டும், இதைப் பேசினால் இந்தத் தொழிலில் உள்ள சிலருக்குக் கோபம் வரும். பாதத்தின் ஒரு புள்ளி கல்லீரலோடும் இன்னொரு புள்ளி சிறுநீரகத்தோடும் இணைந்திருக்கிறது என்பதற்கு உடற்கூறில் ஆதாரம் இல்லை. எட்சார்ட் எர்ன்ஸ்ட் என்ற பேராசிரியர் நடந்த சோதனைகளை 2009இல் தொகுத்துப் பார்த்து, எந்த நோய்க்கும் இது பலன் தரும் என்று சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்று எழுதினார். அப்புறம் ஏன் செய்கிறேன் என்றால், ஒரு மணி நேரம் ஒருவர் காலை அக்கறையாகப் பிடித்துவிட்டால் உடம்பு தளர்கிறது, மனசு அடங்குகிறது, நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு அது பெரிய காரியம். அதற்குத்தான் காசு வாங்குகிறேன். கல் கரையும், கட்டி கரையும் என்று சொல்லி வாங்கியதில்லை.

இதிலிருந்தே ஆசிரியரை எடை போட ஒரு வழி கிடைக்கும். இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஐயாயிரம் வருடம், சித்தர்கள் சொன்னது என்று ஆரம்பித்தால் அவர் படிக்கவில்லை. எகிப்தில் சக்காரா கல்லறைச் சுவரில் ஒருவர் காலைப் பிடிக்கிற மாதிரி ஓர் ஓவியம் இருக்கிறது, அதை எல்லாரும் காட்டுவார்கள், சரி. ஆனால் இன்று நாம் படிக்கும் படத்தின் வேர் அமெரிக்காவில். வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை டாக்டர் உடம்பை நெடுக்காகப் பத்துப் பட்டையாகப் பிரித்து 1917இல் புத்தகம் போட்டார். அதற்குப் பிறகு யூனிஸ் இங்காம் என்ற பிசியோதெரபி பெண் 1930களில் பாதத்தில் ஒவ்வோர் இடமாக அழுத்திப் பார்த்துப் படமாக்கினார், 1938இல் புத்தகம் வந்தது. அதனால்தான் ஒரு பள்ளியின் படமும் இன்னொன்றின் படமும் அங்கங்கே ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்தை மறைக்காமல் சொல்கிறவர் நல்ல ஆசிரியர்.

இப்போது சர்டிபிகேட். இந்தியாவில் ரிஃப்ளெக்ஸாலஜிக்கு மருத்துவக் கவுன்சில் மாதிரி பதிவு எதுவும் கிடையாது. எந்தக் கோர்ஸ் படித்தாலும் பெயருக்கு முன்னால் டாக்டர் போட முடியாது. நோட்டீசில் "அரசு பதிவு பெற்றது" என்று இருந்தால் என்ன பதிவு என்று கேளுங்கள். பெரும்பாலும் டிரஸ்ட் பதிவு, இல்லையென்றால் உத்யம் பதிவு. உத்யம் என்பது சிறுதொழில் நடத்துகிற யாரும் ஆன்லைனில் இலவசமாகப் போட்டுக்கொள்வது, டீக்கடைக்கும் கிடைக்கும். ஐஎஸ்ஓ என்பதும் நிறுவனத்தை நடத்தும் முறைக்குத் தருவது, பாடத்துக்குத் தருவதில்லை. இன்னொன்று, சர்க்கரை குணமாகும் என்று போர்டு வைத்தால் 1954ஆம் வருடத்து மருந்து மாய மருத்துவ விளம்பரச் சட்டப்படி குற்றம், அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. உங்களுக்கு நிஜமாகவே வைத்தியம் பார்க்கத்தான் ஆசை என்றால் அது வேறு பாதை, ஐந்தரை வருடப் பட்டப்படிப்பு, நம் மாவட்டத்திலேயே கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரியும் முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. 34 வயதில் பார்லர் வேலையோடு அது நடக்கிற காரியம் இல்லை என்று உங்களுக்கே தெரியும்.

எங்கே வேலை செய்யப்போகிறீர்கள் என்பதையும் முன்பே யோசியுங்கள். கோவளம், வர்க்கலா ரிசார்ட்டுகளில் பாதத்துக்கு மட்டும் ஆள் எடுப்பது குறைவு, முழு உடம்பு உழிச்சலும் (மசாஜ்) தெரிய வேண்டும், செய்து காட்டச் சொல்லித்தான் எடுப்பார்கள், என் சர்டிபிகேட்டை ஒருவரும் இரண்டாவது முறை திருப்பிப் பார்த்ததில்லை. கல்ஃபுக்குப் போகிற எண்ணம் இருந்தால் அழகு மற்றும் ஆரோக்கியத் துறைத் திறன் கவுன்சிலின் ஸ்பா தெரபிஸ்ட் பயிற்சியையும் பாருங்கள், அது அரசின் திறன் தகுதி வரிசையில் வருகிறது. வீடுகளுக்குப் போவதென்றால் நான் பெண்களுக்கு மட்டும், அதுவும் தெரிந்தவர் சொல்லி வந்தால்தான். மசாஜ் என்ற வார்த்தையைக் கேட்டதும் போனில் அசடு வழிகிறவர்கள் இருக்கிறார்கள், நம்பரை விளம்பரத்தில் போடாதீர்கள்.

உங்கள் மூன்றில் எது என்றால், ஆறு மாதம். ஆனால் 40,000ஐத் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அந்த ஆசிரியரிடம் முதலில் காசு கொடுத்து ஒரு முறை உங்கள் காலைப் பிடிக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்ததும் நேராக எண்ணெயை எடுக்கிறாரா, சர்க்கரை இருக்கா, என்ன மாத்திரை, ஆபரேஷன் ஏதும் ஆனதா என்று கேட்டு எழுதிக்கொள்கிறாரா, இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். எங்கள் சேச்சி செருப்பைக்கூடக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார், எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, ஆணி ஏதும் துருத்துகிறதா என்று. அப்படி ஒருவர் கிடைத்தால் ஃபீஸை இரண்டு மூன்று தவணையாக வாங்கிக்கொள்வாரா என்று கேளுங்கள். என்னிடம் நான்கு தவணையாக வாங்கினார், நான் அப்போது பார்த்துக்கொண்டிருந்த வேலையையும் விட வேண்டி வரவில்லை.