வாசகர் கேள்வி: கடுகு ஏன் முழுவதும் கொட்டவில்லை?

கேள்வி: காரைக்கால் துறைமுகத்து நிலக்கரியை ஏற்றிச் செல்லும் சரக்கு ரயில்களைப் பார்த்த ஆசையில், 1:87 அளவில் மேசைமேல் மாதிரி ரயில்பாதை அமைத்திருக்கிறேன். நிலக்கரிக்குப் பதில் கடுகு. வேகன் வந்து நின்றதும், தண்டவாளத்துண்டோடு கூடிய தொட்டிலைச் சர்வோ மோட்டார் (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சிறு மோட்டார்) 90 டிகிரி சாய்க்கிறது. ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கடுகு உள்ளேயே தங்கிவிடுகிறது. மேலும் சாய்த்தால் வேகன் கழன்று விழுகிறது. வேகனின் உள் அகலம் 33 மி.மீ., ஆழம் 22 மி.மீ. என்ன செய்யலாம்?
– வாசகர், நாகூர்

பதில்: உங்கள் மோட்டாரில் குறையில்லை, கோணம்தான் போதவில்லை. 90 டிகிரி சாய்ந்த வேகனில் பக்கச்சுவரே தரையாகிவிடுகிறது. களத்தில் குவித்த நெல் தனக்கென ஒரு சரிவில் நின்றுவிடுவதைப் போலவே, கடுகும் அந்தச் சுவரின்மேல் 30 டிகிரியை ஒட்டிய சரிவில் நின்றுவிடும். 22 மி.மீ. ஆழத்துக்கு அந்தச் சரிவு அடிப்பலகையருகே சுமார் 12.7 மி.மீ. உயரும், கணக்கிட்டுப் பார்த்தால் நீங்கள் சொன்ன ஐந்தில் ஒரு பங்கு சரியாக வருகிறது. ஆகவே 120 டிகிரியைத் தாண்டினால்தான் வேகன் காலியாகும். 140 வரை சாய்த்துவிடுங்கள்.

அனல்மின் நிலையத்தில் நிலக்கரி வேகன்களைக் கவிழ்க்கும் ‘டிப்ளர்’ இயந்திரம், வேகனைப் பக்கவாட்டில் தாங்கி, மேலிருந்தும் பிடித்துக்கொண்டுதான் கவிழ்க்கிறது. நீங்களும் பித்தளைத் தகட்டைத் தலைகீழ் ‘ட’ வடிவில் மடித்து, சாயும் பக்கத்தில் இரண்டு இடங்களில் தொட்டிலோடு பொருத்துங்கள். அதன் உதடு வேகன் சுவரின் விளிம்புக்கு மேலே 1 மி.மீ. இடைவெளியில், 2 மி.மீ. மட்டுமே உள்நீண்டிருந்தால் வேகன் தடையின்றி உள்ளே வரும், கவிழும்போது அதிலேயே தங்கும், கடுகும் தாராளமாக வழியும். காந்தத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எஃகு அச்சுகளை அது இழுப்பதால், வேகன் நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது. அடுத்த வேகனோடு உள்ள கொக்கியைக் கழற்றிய பிறகே கவிழ்க்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கரித்தூளை விட்டுக் கடுகைத் தேர்ந்தது மிக நல்லது. ஐப்பசி மழையின் ஈரத்தில் கரித்தூள் கட்டிப்பட்டுவிடும்.

சர்வோவுக்குத் தனியாக 5 வோல்ட் மின்சாரம் கொடுத்து, அதன் எதிர்மின்முனையை (–), சர்வோவை இயக்கும் ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் எதிர்மின்முனையோடு இணையுங்கள்; இல்லையெனில் மோட்டார் இழுக்கும் கணத்தில் ஆர்டுயினோ மறுபடி முதலிலிருந்து தொடங்கிவிடும். ஒவ்வொரு டிகிரிக்கும் 20 மில்லிவினாடி இடைவெளி விட்டால் தொட்டில் குலுங்காமல் திரும்பும்.

கடைசியாக, திரும்பி வரும் தொட்டிலின் தண்டவாளம் அரை மி.மீ. விலகினாலும் சக்கரம் தடம்புரளும் என்பதால், அந்தத் துல்லியத்தைச் சர்வோவிடம் விட்டுவிடாமல், தொட்டில் வந்து அமர அடியில் ஒரு திருகாணி வையுங்கள். தண்டவாள இணைப்பின்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்து, அது எங்கும் தட்டாத வரை திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருப்புங்கள்.