இங்கிலாந்தில் முதியவர்களுக்குக் கவுன்சில் வீடு எப்படி ஒதுக்குகிறார்கள்?

கவுன்சில் வீடு என்பது உள்ளாட்சி மன்றம் குறைந்த வாடகைக்கு விடும் வீடு. வீடுகளைவிட விண்ணப்பங்கள் அதிகம். அதனால் வீடற்றவர்கள், நெரிசலில் வாழ்பவர்கள், உடல்நலக் காரணத்தால் இடம் மாற வேண்டியவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை தரவேண்டும் என்கிறது 1996 வீட்டுவசதிச் சட்டம். ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு மாதிரிதான்: முதலில் வந்தவரைவிட மூச்சுத் திணறுபவர் முன்னால் போவார்.

ஆகவே விண்ணப்பத்தில் 'வயசாகிவிட்டது' என்று மட்டும் எழுதினால் போதாது. மாடிப்படி ஏற முடியவில்லை, குளியல் தொட்டியில் இறங்க முடியவில்லை என்று குறிப்பாகச் சொல்லி, டாக்டர் கடிதமும் இணையுங்கள். முதியோருக்கென்றே 'ஷெல்டர்டு ஹவுசிங்' என்ற தனிக் குடியிருப்புகளும் உண்டு. அதையும் கேட்டுப் பாருங்கள்.

முதியோர் இல்லம் என்று நினைத்துப் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அப்படியல்ல: பொதுவாகத் தனிக் கதவு, தனிச் சமையலறை, அவசரத்துக்கு அழைப்பு மணி இருக்கும். ஆனால் குளிப்பாட்டவோ உணவூட்டவோ ஆள் வேண்டுமென்றால் சமூகப் பராமரிப்புப் பிரிவில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.