74வது தெரு ஸ்டேஷன்ல நிக்காம ஓடுற 7 ட்ரெய்ன்

நியூயார்க் சப்வேல 74வது தெருவுல இறங்கணும்னு 7 ட்ரெய்ன் ஏறினீங்க, அது அங்க நிக்காம ஜங்ஷன் புலவார்டுக்குப் போயிடுச்சு, என்ன பண்றதுன்னு கேட்டிருக்கீங்க. ஜங்ஷன் புலவார்டுல எதிர்ப்பக்கம் போய் மன்ஹாட்டன் போற லோக்கல் 7 (எல்லா ஸ்டாப்லயும் நிக்குறது) பிடிங்க, மூணாவது ஸ்டாப் 74வது தெரு.

டைம்ஸ் ஸ்கொயர்ல சாயங்காலம் 6 மணிக்கு ஏறினேன்னு சொல்றீங்க, அப்போ அது அனேகமா எக்ஸ்பிரஸ். குயின்ஸ்போரோ பிளாசா தாண்டினா உட்சைட், அடுத்து நேரா ஜங்ஷன்தான், நடுவுல எதுலயும் நிக்காது.

ஏறுறதுக்கு முன்னாடி பெட்டியோட பக்கவாட்டு போர்டைப் பாருங்க. பச்சை வட்டத்துக்குள்ள 7ன்னா லோக்கல், சிவப்பு டைமண்டுக்குள்ள 7ன்னா எக்ஸ்பிரஸ். தெரியாம ஏறிட்டாலும் பயப்படாதீங்க, உட்சைட்ல இறங்கினா அதே பிளாட்பாரத்தோட மறுபக்கமே லோக்கல் வரும், படி ஏறி இறங்குற வேலையே இல்ல.

ஆனா எக்ஸ்பிரஸ் வார நாள்ல மட்டும்தான், காலைல மன்ஹாட்டன் பக்கம், மதியத்துக்கு மேல ஃப்ளஷிங் (7 ட்ரெய்னோட குயின்ஸ் கடைசி ஸ்டாப்) பக்கம். வீக்கெண்டுல தண்டவாள வேலைன்னு எதை வேணா மாத்துவாங்க, கிளம்புறப்போ ஒருவாட்டி செக் பண்ணிக்கங்க.

என்னைக் கேட்டா டைம்ஸ் ஸ்கொயர்லேர்ந்து ஈ ட்ரெய்ன்தான் பெட்டர், அது இந்த 74வது தெரு ஸ்டேஷன் இருக்குற அதே இடத்துல தரைக்கடியில ரூஸ்வெல்ட் அவென்யூன்னு நிக்கும், இந்தக் குழப்பமே வராது. மேல வந்து 74வது தெருவுல வடக்கே திரும்பினா நீங்க தேடுற பட்டேல் பிரதர்ஸ் இந்திய மளிகைக் கடை, மளிகை முடிச்சிட்டு பக்கத்துல டைவர்சிட்டி பிளாசா சைடு போனா திபெத்திய மோமோ சூடா கிடைக்கும், அந்த மிளகாச் சட்னிய மட்டும் கொஞ்சம் பாத்து ஊத்துங்க.