ஸ்ட்ரோக் வந்த அப்பாவுக்கு டிரெட்மில் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 63 வயது. ஐந்து மாதத்துக்கு முன் ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. இப்போது ஸ்டிக் ஊன்றி வீட்டுக்குள் மெதுவாக நடக்கிறார், திரும்பும்போது தடுமாறுகிறார். டிரெட்மில் வாங்கிப் போட்டால் நடையும் பேலன்ஸும் தேறுமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நடை தேறலாம், அதுவும் அப்பா ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகு. பேலன்ஸுக்கு அந்த மெஷினை நம்ப வேண்டாம்.

மதுரையில் பிசியோவாக இருக்கிறேன். என்னிடம் வருபவர்களில் பாதிக்கு மேல் ஸ்ட்ரோக் ஆட்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ஆன்லைனில் டிரெட்மில் ஆர்டர் போட்டுவிட்டு, "இனிமே அப்பா தினமும் நடக்கலாம்ல சார்?" என்று போனில் கேட்பது எனக்குப் பழகிப்போன விஷயம். பாசம் புரிகிறது. ஆனால் அந்த மெஷின் பல வீடுகளில் துண்டு காயப்போடத்தான் பயன்படுகிறது.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். ஹாலில் தடையில்லாத இடமாகப் பார்த்து 4 மீட்டர் அளந்து, இரண்டு முனையிலும் டேப் ஒட்டுங்கள். முதல் டேப்புக்கு இரண்டு மூன்று அடி முன்னாலிருந்தே அப்பா நடக்கத் தொடங்கட்டும், கடைசி டேப்பையும் தாண்டிப் போய் நிற்கட்டும். ஒருவர் கூடவே நடக்க வேண்டும். இன்னொருவர் இந்த டேப்பிலிருந்து அந்த டேப் வரை எத்தனை வினாடி என்று போனில் பார்க்க வேண்டும். வழக்கமான ஸ்டிக், வழக்கமான வேகம். "சீக்கிரம் வாங்கப்பா" என்று யாரும் குரல் கொடுக்கக் கூடாது.

10 வினாடிக்கு மேல் ஆனால் அவர் வேகம் வினாடிக்கு 0.4 மீட்டருக்கும் கீழே. 5 வினாடிக்குள் வந்துவிட்டால் 0.8 மீட்டருக்கு மேல். அமெரிக்க மருத்துவர் ஜாக்குலின் பெர்ரியின் குழு 1995ல் போட்ட கணக்கு இது. 0.4க்குக் கீழே இருப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் நடப்பவர், 0.8ஐத் தாண்டியவர் கடைத்தெருவுக்குத் தானாகப் போய் வரக்கூடியவர். நடுவில் இருப்பவர் ஓரளவு வெளியே போவார். இன்று வரை நாங்கள் இதைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

இதை டிரெட்மில்லோடு பொருத்திப் பாருங்கள். வினாடிக்கு 0.4 மீட்டர் என்பது மணிக்கு சுமார் 1.4 கிலோமீட்டர். வீட்டுக்கு விற்கும் மெஷின்களில் பல மணிக்கு 0.8 அல்லது 1 கிலோமீட்டர் வேகத்தில்தான் தொடங்குகின்றன. அப்பா 4 மீட்டருக்கு 20 வினாடி எடுக்கிறார் என்றால் அவர் வேகம் மணிக்கு 0.7 கிலோமீட்டர்தான். ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதுமே பெல்ட் அவரைவிட வேகமாக ஓடும்! போதாததற்கு, தரையில் நடக்கும் வேகத்தைவிட டிரெட்மில்லில் நிதானமாகத்தான் பெரும்பாலோரால் நடக்க முடியும். மறுவாழ்வு மையங்களில் இருக்கும் மெஷின் வேறு ரகம், 0.1 கிலோமீட்டரில் தொடங்கி நகத்தளவு நகத்தளவாக ஏற்றலாம்.

சரி, மையத்தில் என்ன நடக்கிறது? மேலே ஒரு சட்டத்திலிருந்து வார்கள் தொங்கும். அதை இடுப்பிலும் தொடையிலும் கட்டி உடல் எடையில் ஒரு பங்கைத் தூக்கிப் பிடிப்போம். கனடாவில் மான்ட்ரியல் குழு 1998ல் வெளியிட்ட ஆய்வில் 40 சதவீதம் வரை தூக்கினார்கள். தேறத் தேற அதைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வீக்கான கால் பக்கம் நான் ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கையால் முட்டிக்குக் கீழேயும் இன்னொரு கையால் குதிகாலையும் பிடித்துக்கொள்வேன். கால் முன்னால் வரும்போது விரல் நுனி பெல்ட்டில் சர்ரென்று தேய்க்கும். அந்தச் சத்தம் வருவதற்கு முன்பே பாதத்தைத் தூக்கிவிட வேண்டும். ஊன்றும்போது முட்டி பின்னுக்கு வளைந்து 'டக்'கென்று பூட்டிக்கொள்ளும், அதையும் தடுக்க வேண்டும். பத்து நிமிடத்தில் நோயாளிக்கு வேர்க்கிறதோ இல்லையோ, எனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும். இன்னொருவர் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்திருப்பார். கேட்டீர்கள் இல்லையா, ஒரு ஆளுக்கு இரண்டு ஆள்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், ஓடும் பெல்ட்டுக்கு இரண்டு நல்ல குணம் உண்டு. ஊன்றிய காலை அது பின்னால் இழுத்துக்கொண்டு போகும். இடுப்பு மூட்டு அப்படிப் பின்னால் நீளும்போதுதான் அடுத்த வீச்சுக்குக் கால் தயாராகிறது. ஸ்ட்ரோக் ஆட்கள் தரையில் நடக்கும்போது வீக்கான காலைப் பின்னால் விடவே மாட்டார்கள், பயம். இரண்டாவது, எண்ணிக்கை. உங்கள் ஹாலில் கொஞ்ச தூரம் நடந்தாலே சுவர் வந்துவிடும். மெஷினில் மெதுவாக நடந்தாலும் 20 நிமிடத்தில் நூற்றுக்கணக்கான எட்டு ஆகிவிடும். மூளை நடையைத் திரும்பக் கற்பது இந்த எண்ணிக்கையில்தான்.

அப்படியானால் பெரிய பலன் வந்திருக்க வேண்டுமே? அமெரிக்காவில் லீப்ஸ் என்று ஒரு ஆய்வு, 2011ல் வெளியானது, 408 பேர். ஒரு குழுவுக்கு ஸ்ட்ரோக் வந்த இரண்டாம் மாதத்தில் எடை தாங்கும் டிரெட்மில் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு அதையே ஆறாம் மாதத்தில். மூன்றாவது குழுவுக்கு மெஷினே இல்லை. பிசியோ வீட்டுக்குப் போய் கால் பலத்துக்கும் பேலன்ஸுக்கும் பயிற்சி கொடுத்தார். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் மொத்தத்தில் 52 சதவீதம் பேர் நடையில் ஒரு படி மேலே வந்திருந்தார்கள், மூன்று குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. தலைசுற்றல் டிரெட்மில் குழுக்களில்தான் அதிகம். நடை மிக மோசமாக இருந்தவர்களில், இரண்டாம் மாதமே மெஷின் ஏறியவர்கள் திரும்பத் திரும்ப விழுந்ததும் அதிகம். வீட்டுக்கு வரும் பிசியோவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள் என்று நான் சொன்னால் சொந்தத் தொழிலுக்கு விளம்பரம் மாதிரி இருக்கும், அதனால் இந்த ஆய்வைச் சொல்லிவிட்டேன்.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017ல் 56 ஆய்வுகளை, மொத்தம் 3105 பேரை, சேர்த்துப் பார்த்தது. நடக்கவே முடியாதவர் டிரெட்மில்லால் தனியாக நடக்கத் தொடங்கும் வாய்ப்பு கூடியதாகத் தெரியவில்லை. ஏற்கெனவே நடப்பவர்களுக்கு வேகமும் தூரமும் கொஞ்சம் கூடின. அந்தக் 'கொஞ்சம்' உண்மையிலேயே கொஞ்சம்தான். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் வேகம் சராசரியாக வினாடிக்கு 0.06 மீட்டர், ஆறு நிமிட நடையில் 14 மீட்டர். நானும் நேரில் பார்ப்பது அதுதான். நடக்கிறவரை இன்னும் நடக்க வைக்கும் மெஷின் இது.

அப்புறம் அந்த பேலன்ஸ். அப்பா எங்கே தடுமாறுகிறார்? திரும்பும்போது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிரெட்மில்லில் திரும்புவதே கிடையாது. நிலைப்படி தாண்டுவது, பாத்ரூம் ஈரத்தில் கால் வைப்பது, யாரோ கூப்பிட்டால் நின்று பின்னால் பார்ப்பது, எதுவும் அங்கே இல்லை. போதாக்குறைக்கு நல்ல கையால் கம்பியை இறுக்கிப் பிடித்து, உடம்பு மொத்தத்தையும் நல்ல பக்கம் சாய்த்துக்கொண்டு நடப்பார்கள். வீக்கான காலுக்கு வேலையே இருக்காது. பேலன்ஸை அளக்க நாங்கள் பெர்க் ஸ்கேல் வைத்திருக்கிறோம். 14 வேலை, ஒவ்வொன்றுக்கும் 4 மார்க், மொத்தம் 56. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, கையை முன்னால் நீட்டி எட்டுவது, தரையில் கிடப்பதை எடுப்பது, ஒரு முழுச் சுற்று திரும்புவது, ஒற்றைக் காலில் நிற்பது என்று போகும். உங்கள் பிசியோவிடம் இந்த மார்க்கைக் கேளுங்கள். எதில் 0, 1 வாங்குகிறாரோ அதுதான் அப்பாவின் பயிற்சிப் பட்டியல். சமையல் மேடையைப் பிடித்தபடி பக்கவாட்டில் நடப்பது, எட்டு வடிவத்தில் இரண்டு நாற்காலியைச் சுற்றி வருவது, உட்கார்ந்து எழுவது ஆகியவற்றுக்குச் செலவே இல்லை. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லுங்கள், அல்லது டிராக் பேன்ட் போடுங்கள். ஹவாய் செருப்பு வேண்டவே வேண்டாம், வீக்கான காலிலிருந்து நழுவி அதுவே தடுக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. 4 மீட்டரை 6, 7 வினாடியில் கடக்கும் நிலைக்கு அப்பா வந்துவிட்டால் டிரெட்மில் அருமையான கருவி. ஸ்ட்ரோக் வந்து ஆறு மாதம் தாண்டியவர்களை அமெரிக்காவில் பால்டிமோர் குழு வாரம் 3 நாள், 6 மாதம் டிரெட்மில்லில் நடக்க வைத்தது. மூச்சுத் திறனும் நடக்கும் தூரமும் தெளிவாகக் கூடின. "ஆறு மாசத்துக்குள்ள வந்தாதான் உண்டு" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். முதல் மாதங்களில் வேகமாகத் தேறும், அதற்குப் பிறகு உழைப்புக்கு ஏற்ற மாதிரி தேறும்.

அப்போது வாங்குவதானால் இரண்டு பக்கமும் நீளமான கைப்பிடி உள்ள மோட்டார் மெஷினாகப் பாருங்கள். மேஜைக்கு அடியில் தள்ளிவிடும் வாக்கிங் பேட் கூடவே கூடாது, பிடிக்க எதுவும் இருக்காது. கடையில் நின்று குறைந்தபட்ச வேகத்தை நீங்களே போட்டுப் பாருங்கள். சேஃப்டி கீயின் (இழுபட்டால் மெஷினை நிறுத்தும் சாவி) கிளிப்பை அப்பாவின் சட்டையில் மாட்டாமல் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. இறங்கியதும் சில வினாடிகள் தரையே நகர்வது போல இருக்கும், பிடித்து நிறுத்தி உட்கார வையுங்கள்.

ஏற்றுவதற்கு முன் இதய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அட்டெனொலால், மெட்டோபிரொலால் மாதிரி மாத்திரை சாப்பிடுபவருக்கு எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது, மெஷின் காட்டும் எண்ணை நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு முழு வாக்கியம் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சர்க்கரை இருந்தால், நடந்து முடித்ததும் ஷூவைக் கழற்றி வலது பாதத்தை, விரல் இடுக்கு உட்பட, நீங்களே பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தால் அவருக்குத் தெரியாது.