காட்டைக் காக்க உள்ளூர் மக்களைச் சேர்ப்பது உண்மையிலேயே பலன் தருமா?

வனவிலங்குச் சரணாலயங்களின் மேலாண்மையில் அங்கு வாழும் மக்களை ஈடுபடுத்துவது நடைமுறையில் பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். தரும். ஆனால் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வதை மட்டும் பங்கேற்பு என்று ஏற்க என்னால் இயலவில்லை.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் வரும் குமுளியை ஒட்டிய பெரியாறு புலிகள் காப்பகத்தை எடுத்துக்கொள்ளலாம். இலவங்கப்பட்டை இனத்தைச் சேர்ந்த வயணா மரத்தின் பட்டையை உரித்துக் கடத்துவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் அங்கே இருந்தார்கள். காவலர் கண்ணில் படாமல் செல்லும் தடங்களையும், எந்தச் சரிவில் யானைக் கூட்டம் இறங்கும் என்பதையும் அவர்களைப் போல் அறிந்தவர்கள் வனத்துறையிலேயே குறைவு. 1990களின் பிற்பகுதியில், உலக வங்கி உதவியுடன் நடந்த சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அவர்கள் ஒரு குழுவாக அமைக்கப்பட்டு, பயணிகளைக் காட்டுக்குள் நடத்திச் சென்று கூடாரத்தில் தங்கவைக்கும் வழிகாட்டிகளாக மாறினார்கள். துப்பாக்கி ஏந்திய வனக் காவலர் ஒருவரும் உடன் செல்வதால் அந்த நடையே ரோந்தாகவும் அமைந்துவிடுகிறது.

அங்குள்ள மன்னான், பளியர் பழங்குடிகளின் குடியிருப்புகளில் சிக்கல் வேறு விதமாக இருந்தது. மிளகு கொடியில் பச்சையாக இருக்கும்போதே வியாபாரி முன்பணம் கொடுத்துவிடுவார், அறுவடையின்போது அவர் சொன்னதுதான் விலை. கடனில் மூழ்கிய குடும்பத்திடம் காட்டைத் தொடாதே என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? அதே திட்டத்தில் அமைந்த குழுக்கள் அந்தக் கடனிலிருந்து அவர்களை மீட்டு, மிளகைச் சேர்த்து விற்க வழிசெய்ததைத்தான் இந்த முயற்சியிலேயே மிக முக்கியமானதாக நான் மதிக்கிறேன். குமுளிப் பகுதிப் பெண்கள் 'வசந்த சேனை' என்ற பெயரில் கூலி வாங்காமல் ரோந்து சென்றதையும் இங்கே சொல்லியாக வேண்டும். திட்ட நிதி முடிந்ததும் எல்லாம் கலைந்துபோகாதிருக்க, 2004இல் பெரியாறு அறக்கட்டளை நிறுவப்பட்டு, பார்வையாளர்களிடம் பெறும் கூடுதல் கட்டணத்தின் மூலம் பணிகள் தொடர்ந்தன.

இருந்தாலும் வேலையும் வருமானமும் அதிகாரி மாறினால் மாறக்கூடியவை, உரிமை அப்படியல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் அளிக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரி ரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினருக்கு 2011இல், அந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், சமூக வன உரிமைகள் அங்கீகரிக்கப்பட்டன. கோடைத் தொடக்கத்தில் தரையோடு படரும் சிறு தீயை மூட்டும் தங்கள் வழக்கம் தடைசெய்யப்பட்ட பிறகே உண்ணிச்செடி என்ற களைப்புதர் காட்டை அடைத்தது என்றும், நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்றும் அவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். காப்பகத்தின் மேலாண்மைத் திட்டம் எழுதப்படும் மேசையில் இந்த அறிவுக்கு இடமும், முடிவெடுக்கும் வாக்கும் வேண்டும். உங்கள் பகுதியில் அப்படி ஒரு குழு இருந்தால், அதன் வங்கிக் கணக்கில் யார் கையெழுத்திடுகிறார்கள், வனத்துறையின் முடிவை மறுத்து அது எப்போதாவது தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறதா என்று முதலில் விசாரித்துப் பாருங்கள்.