வர்த்தமானி முந்தும், பாராளுமன்றம் பிந்துமா?

கேள்வி: டிவியைப் போட்டால் எம்பிமார் ஒருவரையொருவர் ஏசுவதுதான் தெரிகிறது. சபையில் பாதி ஆசனம் காலி. இந்த 225 பேராலும் நாட்டுக்கு என்ன பயன்?
- வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: காலி ஆசனத்தை விடுங்கள். 20 பேர் இருந்தாலே சபை நடக்கலாம் என்கிறது இலங்கை அரசியலமைப்பு. அதற்குக் கீழே போனாலும் யாராவது எழுந்து "கோரம் இல்லை", அதாவது குறைந்தபட்ச வருகை இல்லை என்று சொன்னால்தான் சிக்கல். உங்கள் கோபம் போக வேண்டிய இடம் வேறு.

148ஆம் உறுப்புரைப்படி அரச நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே. அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் மதிப்பீட்டு வாக்கெடுப்பைத் தாண்டியதும், குழுநிலை என்ற கட்டத்தில் முழுச் சபையிலும் அமைச்சு அமைச்சாக விவாதம். எதிர்க்கட்சி எழுந்து, செலவுத் தலைப்பை 10 ரூபாவால் குறைக்க வேண்டும் என்று பிரேரிக்கும். விவாதத்தைத் திறக்கும் சம்பிரதாயம் அது. பிறகு ஊர்ப் பாதை, பாடசாலைக் கட்டடம், பழைய ஆட்சியின் ஊழல் என்று பேச்சு ஓடும். இந்தத் தொகை ஏன், போன வருடம் கொடுத்ததில் எவ்வளவு செலவானது என்று தோண்டுவோர் மிகச் சிலர்.

வரியில் நிலைமை இன்னும் மோசம். இறக்குமதியாகும் ஒரு கிலோ சீனிக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி, 2020 ஒக்டோபரில் ஒரே வர்த்தமானியில், அதாவது ஒரே அரச இதழ் அறிவித்தலில், 25 சதமானது. 2007ஆம் ஆண்டின் சட்டப்படி அமைச்சரின் கட்டளை வெளியான உடனேயே அமுலாகும். சபையின் அங்கீகாரம் பிறகுதான். அங்கீகாரத்துக்கு வரும்போது சீனி துறைமுகத்தைத் தாண்டிக் களஞ்சியத்தில் இருக்கும். கடையில் விலை அதற்கேற்ப இறங்கவில்லை. திறைசேரி இழந்தது 15 பில்லியன் ரூபாவுக்கும் மேல் என்பது பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழுவின் முன் பிறகுதான் வெளிவந்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடுத்ததும் ஒரு வர்த்தமானிதான். வயலில் விளைச்சல் விழுந்த பிறகு சபையில் எவ்வளவு கத்தி என்ன?

அந்த அரசாங்க நிதிக் குழுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதிகாரிகளை அழைத்துக் கோப்பைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் அதற்கு உண்டு. அரச நிறுவனங்களை ஆராயும் கோப், அரச கணக்குகளை ஆராயும் கோபா குழுக்களுக்கும் உண்டு. உண்மையான வேலை நடப்பது அங்கேதான். உங்கள் எம்பி எந்தக் குழுவில் இருக்கிறார், எத்தனை கூட்டத்துக்குப் போனார் என்று கேளுங்கள். டிவிப் பேச்சை வைத்து அவரை எடை போடாதீர்கள்.

வரி மாற்றத்தை முன்கூட்டியே சொன்னால் பதுக்கல் நடக்கும் என்பார்கள். நியாயம்தான். அப்படியானால் வர்த்தமானி வரட்டும். 14 நாளுக்குள் குழு பார்த்து சபை அங்கீகரிக்காவிட்டால் அது தானாகவே செல்லாமல் போகும் என்று சட்டத்தைத் திருத்துங்கள். சபை வழமையாக மாதத்தில் இரண்டு வாரம் கூடுகிறது. அந்த அவகாசம் தாராளமாகப் போதும்.